வானமாமலை சாரின் மூன்றடுக்கு டப்பா

மும்பையின் மாட்டுங்காவே திரண்டு வந்திருந்தது. கால்பந்து பார்க்க என்று நினைத்துவிடாதீர்கள். டப்பா பார்க்க!

கல்லூரிப் பெண்கள் அணிக்குப் புதுக் கோச்சாக வானமாமலை வந்த நாளிலிருந்து மைதானத்தில் நிற்க இடமில்லை. தாராவியிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். கோவண்டியிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து வந்தார்கள். செம்பூரிலிருந்து காரில் வந்தவர்கள் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பக்தியிலும் ஃபர்ஸ்ட் கிளாஸ் உண்டு அல்லவா?

வானமாமலை பந்தை உதைத்து யாரும் பார்த்ததில்லை. ஒருமுறை பந்து அவர் பக்கம் உருண்டு வந்தது. மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். ஆனால் அவரிடம் ஒரு மூன்றடுக்கு எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா இருந்தது. விசில் ஊதும் முன்பே அதில் மஞ்சள் கயிறு கட்டி, மைதானத்தில் கல்லூரி முதல்வர் சுப்ரமணியனின் மேஜைமேல் ஊரறிய வைத்துவிடுவார். ஆட்டத்தின் முடிவு அதற்குள் இருக்குமாம். எலுமிச்சம்பழம் என்றால் வெற்றி. கத்தரிக்காய் என்றால் சமநிலை. பாகற்காய் என்றால் தோல்வி.

முதல் ஆட்டம் காட்கோபர் கல்லூரியோடு. நம் பெண்கள் ஐந்து கோல் வாங்கினார்கள். வானமாமலை கண்ணை மூடினார், முணுமுணுத்தார், கயிற்றை அவிழ்த்தார். உள்ளே பாகற்காய்!

“அடேயப்பா! தோக்கப்போறோம்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கே உமக்கு!” முதல்வருக்குப் புல்லரித்துவிட்டது. தோற்ற கல்லூரி லட்டு வழங்கியது உலகத்திலேயே அன்றுதான் இருக்கும்.

அடுத்த ஆட்டமும் பாகற்காய். அதற்கடுத்தது சமநிலை, கத்தரிக்காய். பிறகு ஒருநாள் அடைமழையில் ரயில் நின்று, கல்யாண் அணி வந்து சேரவில்லை. ஆடாமலே வெற்றி. டப்பாவில் எலுமிச்சம்பழம்! ரயிலை நிறுத்தியதே சார்தான் என்றார்கள். தண்டவாளத்தில் இறங்கி நனைந்தபடி நடந்தவர்கள்கூட அப்படித்தான் சொன்னார்களாம்.

இப்படிப்பட்ட கோச் இருக்கும்போது பயிற்சி எதற்கு? ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பெண்கள் கோல் கம்பத்தைச் சுற்றி வந்து கும்பிட்டார்கள். மைதானத்து ஓரத்தில் ராசிக் கயிறு விற்பனை தொடங்கியது. பரீட்சைக்கு ஒரு கயிறு, கல்யாணத்துக்கு ஒரு கயிறு, வீட்டுக்காரன் அட்வான்ஸைத் திருப்பித் தர ஒரு கயிறு. கயிற்றுக்கு மதம் கிடையாது. கோல்கீப்பர் ஷைஸ்தாவின் உம்மா நூர் நிஷாவும் தாராவியிலிருந்து வந்து வரிசையில் நின்றாள்.

“ஏட்டி, அந்த மனுசன் சொன்னா அப்படியே பலிக்குல்லா!”

“தோப்போம்னு சொல்லித் தோக்கதுக்கு கோச்சு எதுக்கு உம்மா? அத நானே சொல்லுவேனே.”

“வாய மூடு. கயித்தக் கட்டு.”

ஷைஸ்தாவுக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு கடைசி ஆட்டம்வரை தாங்கவில்லை. அந்த ஆட்டத்தைப் பார்க்க ரயில்வே அணியின் தேர்வாளர் வருவதாக இருந்தது. அவர் கண்ணில் பட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். கல்லூரியில் சேர்ந்த நாள்முதல் அதற்காகத்தான் அவள் சேற்றில் விழுந்து எழுந்துகொண்டிருந்தாள். முந்தின நாள் வானமாமலை அவளைக் கூப்பிட்டார்.

“பேட்டா, உனக்கு அஷ்டமத்துல சனி. நாளைக்கு நீ கோல்ல நின்னா டீம் காலி. சுஷ்மா நிக்கட்டும்.”

சுஷ்மாவின் அப்பா வெங்கி செம்பூரில் கடை வைத்திருப்பவர். போன வாரம்தான் வானமாமலையிடம் பெரிய பரிகார பூஜைக்குப் பணம் கொடுத்திருந்தார். சனி உடனே பெட்டி படுக்கையோடு ஷைஸ்தாவிடம் வந்துவிட்டது! சுஷ்மா நல்ல பெண், பாவம். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள், அவ்வளவுதான்.

ஷைஸ்தா வீட்டுக்கு வந்து ஆத்திரம் தீர அழுதாள். அழுது முடித்ததும் யோசித்தாள். பந்தை உதைக்க வருகிறவளின் அசைவைப் பார்த்தே கோல்கீப்பர் பிழைக்க வேண்டும். கோச்சின் கையை மட்டும் அவள் பார்க்காமலா இருந்திருப்பாள்? தோற்ற நாட்களில் மேல் இரண்டு அடுக்கையும் சேர்த்துத் தூக்கி, அடியடுக்கைக் காட்டினார். சமநிலையின்போது நடு அடுக்கு. கல்யாண்காரர்கள் வராத அன்று மேல்மூடி மட்டும் திறந்தது. எல்லா அடுக்கையும் அவர் ஒருநாளும் திறந்ததில்லை. மற்றவற்றில் கிரகங்கள் உறங்குகின்றனவாம்.

மறுநாள் விசிலுக்கு முன் டப்பா மேஜைக்கு வந்தது. ஷைஸ்தாவும் வந்தாள். அவள் கையில், தினமும் சாப்பாடு கொண்டுவரும் ஒற்றையடுக்கு டப்பா.

“சார், இன்னிக்கு இதுல வச்சு மூடுங்க.”

வானமாமலை தன் டப்பாவை அருகே இழுத்துக்கொண்டார். “அது சாதா டப்பாம்மா. கிரகம் தங்காது.”

“அந்தரத்துல தங்குத கிரகம் இதுல தங்காதா சார்?”

“ஏட்டி, பெரியவங்ககிட்ட...” என்று பாய்ந்து வந்த நூர் நிஷா பாதியில் நின்றுவிட்டாள். அவள் தினமும் விடிகாலையில் டப்பா கட்டுகிறவள். “ஆமா சார், ஒத்தக் காய் வைக்கதுக்கு மூணடுக்கு எதுக்கு?”

கூட்டம் மேஜையை நெருங்கி டப்பாவைப் பார்த்தது. அத்தனை நாளில் இந்தக் கேள்வி ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை பேர் வீட்டிலும் டப்பா இருந்தது!

“ஓய், அதுல வச்சுத்தான் காட்டுமேன்” என்றார் முதல்வர்.

அந்த சீசனில் முதன்முறையாகக் கோச் ஓடினார். டப்பாவை அணைத்துக்கொண்டு ஓடினார். பெனால்டி புள்ளி அருகே சேற்றில் வழுக்கினார். டப்பா ஆகாயத்தில் பறந்தது. ஷைஸ்தா இடப்பக்கம் பாய்ந்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். தேர்வாளர் எழுந்து நின்று கைதட்டிவிட்டார்.

அவள் எழுந்து வந்து மேஜைமேல் ஒவ்வோர் அடுக்காகக் கழற்றி வைத்தாள். எலுமிச்சம்பழம். கத்தரிக்காய். பாகற்காய்.

“அரே, பூரா சப்ஜி மண்டி! காய்கறிச் சந்தையே உள்ள இருக்கு!” என்று யாரோ கத்தினார்கள். வானமாமலை தாதர் இருக்கும் திசையில் ஓடிக்கொண்டிருந்தார். நல்ல வேகம். அணியில் சேர்த்திருக்கலாம்.

சுஷ்மா கையுறைகளைக் கழற்றி ஷைஸ்தாவிடம் நீட்டினாள். “பிடி. அப்பாவுக்காகத்தான் மாட்டினேன். எனக்குப் பந்துன்னாலே பயம்!”

ஆட்டத்தில் ஒரு கோலில் தோற்றார்கள். மாதக்கணக்கில் கம்பத்தைச் சுற்றிய கால்கள் வேறென்ன செய்யும்? ஆனால் ஷைஸ்தா தடுத்த பந்துகளைப் பார்த்த தேர்வாளர், அடுத்த வாரம் ரயில்வே மைதானத்துக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். நூர் நிஷா கையிலிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அப்போது முதல்வர் மெல்ல அருகே வந்தார். ஷைஸ்தாவின் ஒற்றையடுக்கு டப்பாவைப் பயபக்தியோடு பார்த்தார். அவருக்குப் பின்னால் ஆட்கள் வரிசைகட்டவே தொடங்கிவிட்டார்கள்.

“ஏம்மா, இந்த டப்பா ரொம்ப ராசியா இருக்கே. ஆபீஸ்ல வச்சுக்கட்டுமா?”

ஷைஸ்தா மூடியைத் திறந்து காட்டினாள். காலி.

“இதுல ஒண்ணும் இல்ல சார். நீங்க தொறந்து பாக்க வேண்டிய டப்பா உங்க கழுத்துக்கு மேல இருக்கு.”