கத்தரித் தோட்டத்துச் சபாநாயகர்

இருபது தமிழரை ஒரே இடத்தில் இருத்தி, ஒருவர் கதைக்கும்போது மற்றப் பத்தொன்பது பேரின் வாயையும் மூடவைத்த மனிதர் இந்த ரொறன்ரோவில் ஒரே ஒருவர்தான். அவர் அமைச்சருமில்லை, ஐயருமில்லை. ஸ்கூல் பஸ் ஓட்டினவர். பெற்றோர் வைத்த பெயர் ஏதோ இருந்திருக்கும். எங்களுக்கு அவர் சபாநாயகர்.

காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டால், பின்னேரம் ஏற்றும்வரை அவருக்கு வேலையில்லை. மற்ற ட்ரைவர்மார் கோப்பிக் கடையில் குந்தியிருக்க, இவர் நூலகத்தில் இருந்து கனடாவின் முதலாவது பாராளுமன்றத்து விவாதங்களை வாசித்தார். அந்தப் பாராளுமன்றம் ஐந்து வருஷம் நடந்தது. இவர் அதை ஏழு வருஷம் வாசித்தார். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின சண்டையை நேற்றுப் பக்கத்து வீட்டில் நடந்ததுபோலச் சொல்லுவார்.

“நோவா ஸ்கோஷியா மாகாணக்காரர் கனடாவோட சேந்த உடனேயே ‘எங்களை விடுங்கோ, நாங்கள் போறம்’ எண்டு நிண்டவங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவை ரயில் பாதை போட்டுத் தாறம் எண்டு ஆசை காட்டியெல்லே கூட்டி வந்தவங்கள்!”

இதைக் கேட்டுக்கொண்டு நின்றவர் கத்தரிக் கன்று கேட்டு வந்த ஒரு பாவப்பட்ட மனிதர்.

மோர்னிங்சைட்டில் மின்கம்பிக் கோபுரங்களுக்குக் கீழே எங்களுக்கு ஒரு சமூகத் தோட்டம் உண்டு. ஆளுக்கொரு துண்டு நிலம்; இடம் போதாததால் சிலர் காத்திருந்தோம். அதன் கூட்டங்களுக்கு அவர்தான் தலைவர். மண்வெட்டிப் பிடியொன்றுக்குப் பொன்நிறம் பூசி, அதைச் செங்கோல் என்று மேசையில் வைப்பார். அது இல்லாமல் சபை கூடாது. ஒருமுறை அதை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்துவிட்டார். பஸ் நின்றதோ அடுத்த நகரமான பிக்கரிங்கில். கொட்டுகிற மழையில் எங்களை நிற்கவைத்துவிட்டு, 401 நெடுஞ்சாலையில் போய் எடுத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு இருந்த ஒரே விஷயம் தண்ணீர்க் குழாய் ஒழுகுவது. ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

அவருடைய மனைவி ஒருநாள் என்னிடம் சொன்னார். “வீட்டில தேத்தண்ணிக்கும் இவர் முன்மொழிவார் தம்பி. வழிமொழிய ஆளில்லை. அதால தேத்தண்ணியும் இல்லை.”

ஒரேயொரு கதையைச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் குரல் மாறும். “மேற்கில உள்ள நிலம் முழுக்க ஒரு கம்பனியிட்ட வாங்கினவங்கள். அங்க இருந்த சனத்திட்ட ஒரு சொல் கேக்கேல்லை. கேக்காமல் நிலம் அளக்கிற சங்கிலியோட ஆள் அனுப்பினவங்கள். அந்தச் சனம் வந்து சங்கிலியை மிதிச்சுக்கொண்டு நிண்டது. அந்தக் கால்களைக் கும்பிடவேணும்!”

நாங்கள் தலையாட்டுவோம். யார் கவனித்தார்கள்?

இரண்டு கோடைக்கு முன் நகரசபை பக்கத்து நிலத்தையும் எங்களுக்குத் தந்தது. பன்னிரண்டு துண்டு வரும். துண்டுக்காகக் காத்திருந்த உறுப்பினரும் பன்னிரண்டு பேர். பட்டியலில் கடைசி ஆள் நான். சந்தோஷத்துக்கு அளவேயில்லை.

ஆனால் அந்த நிலம் வெறும் நிலமில்லை. பேக்கரியில் வேலை செய்கிற மலர் அக்கா அதன் வேலியோரத்தில் ஐந்து வருஷமாகக் கல் பொறுக்கி, மண் கொத்தி, கீரையும் பயிற்றையும் போட்டிருந்தார். அனுமதியில்லை. எங்கள் சங்கத்தில் அவர் உறுப்பினரும் இல்லை.

கூட்டத்தன்று அவர் சபையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்று கையை உயர்த்தினார்.

“அண்ணை, நானும் ஒரு சொல் சொல்லலாமோ?”

சபாநாயகர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். “மன்னிக்கவேணும் தங்கச்சி. வெளியார் சபையில கதைக்க ஏலாது.”

வாக்கெடுத்தோம். முழு நிலத்தையும் பன்னிரண்டாகப் பிரிப்பது என்று முடிவாயிற்று. நானும் கை உயர்த்தினேன். வெட்கக்கேடு, இரண்டு கையையும் உயர்த்தச் சொல்லியிருந்தாலும் உயர்த்தியிருப்பேன்.

கூட்டம் கலையும்போது மலர் அக்கா அவரிடம் வந்தார். கோபமே இல்லை. “ஊரிலயும் உப்பிடித்தான் அண்ணை. ஆமி வந்து வீட்டு வளவை அளக்கேக்கையும் என்னை ஒருத்தரும் கேக்கேல்லை.”

கூட்டம் முடிந்து செங்கோலை மேசையிலேயே விட்டுவிட்டுச் சபாநாயகர் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான்தான் பின்னால் ஓடிப்போய்க் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை செயலாளர் செல்வம் அளவு நாடாவோடு வந்தான். துண்டு பிரிப்பதைப் பார்க்க எல்லோரும் கூடியிருந்தோம்; மலர் அக்காவும் தன் பாத்தியருகே நின்றார். ஒரு முனையை நான் பிடித்தேன். நாடா மலர் அக்காவின் பாத்திக்கு மேலால் போனபோது, ஒரு பழைய சப்பாத்து வந்து அதை மிதித்தது.

“அண்ணை, காலை எடுங்கோ,” என்றான் செல்வம்.

“மாட்டன்.” செங்கோலும் கையுமாக நின்றார் சபாநாயகர்.

“நீங்கள்தானே தீர்மானம் நிறைவேறினது எண்டு சொன்னனீங்கள்?”

“ஓம். அதுதான் பிழை. ஏழு வருஷம் வாசிச்சு, அந்தச் சனத்தைக் கேக்கேல்லை எண்டு அவங்களைத் திட்டின ஆள் நான். கடைசியில, நானும் அதையே எல்லே செய்துபோட்டன்!” செங்கோலைச் செல்வத்திடம் நீட்டினார். “இந்தா, செங்கோலை நீ பிடி. நான் இண்டையோட தலைவரில்லை. சாதாரண உறுப்பினனா முன்மொழியிறன், மலர் கதைக்கவேணும்.”

நாடாவின் முனையை நான் கீழே விட்டேன்.

“நான் வழிமொழியிறன்,” என்றேன்.

எல்லோரும் மலர் அக்காவைப் பார்த்தோம். தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் சபைக்குச் சொன்ன முதல் வசனம் இது: “அண்ணை, காலை எடுங்கோ. கீரையில நிக்கிறியள்.”

சிரிப்பு அடங்கின பிறகு அவர் மிச்சத்தையும் சொன்னார். எல்லோரும் கேட்டோம். பாத்தி அவரிடமே இருந்தது, அவர் உறுப்பினரும் ஆனார். பன்னிரண்டு துண்டில் அவருக்கு ஒன்று போக, எனக்கு இல்லாமல் போயிற்று. இன்றைக்கும் நான் கடையில்தான் கத்தரிக்காய் வாங்குகிறேன். எனக்கு அதில் ஒரு குறையுமில்லை.

அவர் திரும்பத் தலைவராகவில்லை. எவ்வளவு கெஞ்சியும் மறுத்துவிட்டார். இப்போது கூட்டங்களில் எல்லோரும் ஒன்றாகக் கத்துகிறோம்.

போன மாசி மாதம், அஜக்ஸில் மகள் வீட்டில், நித்திரையிலேயே போய்விட்டார். செத்தவீட்டுக்குத் தோட்டம் முழுக்க வந்திருந்தது. யார் முதலில் பேசுவது என்று மண்டபத்தில் ஒரே இரைச்சல். செல்வம் எழுந்துபோய், பெட்டிக்கருகே அந்தப் பொன்நிறப் பிடியை வைத்தான். சபை அடங்கியது.

மலர் அக்காதான் முதலில் பேசினார். நெடுநேரம் பேசினார். கடைசிவரை ஒருவரும் குறுக்கிடவில்லை, சபாநாயகர் அண்ணை.