மேனேஜரை எந்த வார்த்தையில் அழைப்பது?

மதிப்பிற்குரிய மச்சான் குழந்தைவேல் அவர்களுக்கு,

மன்னவனூரிலிருந்து சுப்புராஜ் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தங்கை வடிவும் பிள்ளைகளும் சுகம், காயப்போட்ட பூண்டும் சுகம். ஒட்டன்சத்திரத்தில் நீங்களும் ஜோதிமணி அக்காவும் கமிஷன் கடையும் சுகமாக இருக்கப் பழனியாண்டவர் துணை. போனில் கேட்டால் மரியாதையாக இருக்காது என்பதால் பூண்டு லாரியில் கடிதம் கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் எங்கள் மகள் நதியாவின் கல்யாணப் பத்திரிகை. தமிழில் ஒரு குழப்பமும் இல்லை, அச்சகக்காரரே எல்லாம் போட்டுவிட்டார். ஆனால் கொடைக்கானலில் அவள் வேலை பார்க்கும் ஓட்டலின் மேனேஜர் வடநாட்டுக்காரர். அவருக்காக இங்கிலீஷில் ஒரே ஒரு வரி வேண்டும், அதில்தான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். அவர் வராவிட்டால், தன்னோடு வேலை பார்க்கிறவர்கள் முன்னால் தலைநிமிர முடியாது என்று நதியா முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். அழைப்பில் குறை வைத்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததா? பையன் முகேஷின் காதுகுத்துக்குப் போனில் மட்டும் சொன்னேன் என்று என் பெரியப்பா மகன் சிவமுருகன் இன்றுவரை எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

முகேஷ் “யூ ஆர் இன்வைட்டட்” என்று போடச் சொன்னான். கூப்பிடுகிறவன் யார் என்றே அதில் இல்லையே, யாரோ கூப்பிட்டார்கள் என்று யார் வருவார்? “வீ இன்வைட் யூ” என்றால் நாமும் இருக்கிறோம், ஆனால் அதில் பணிவு பத்தாதாம், “வுட் யூ லைக் டு கம்” என்று போடு என்கிறார் ரிட்டயர்டு வாத்தியார் ஞானவேல். அர்த்தம் கேட்டால், வருவதற்கு விருப்பமா என்று கேட்பதாம். மச்சான், வீட்டுக்கு வந்தவரிடம் சாப்பிட விருப்பமா என்றா கேட்போம்? இலையைப் போட்டுவிட்டு உட்காருங்க என்போம். விருப்பமா என்று கேட்டாலே, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றல்லவா ஆகிறது.

சொல்லிப் பார்த்தால்தானே தெரியும் என்று, மண் பரிசோதனைக்கு வந்த வெளிமாநில அதிகாரியிடம் வாத்தியார் வாக்கியத்தைச் சொன்னேன். “ஐ வில் ட்ரை” என்றார். வருவாரா மாட்டாரா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். அடுத்து, ஏரி பார்க்க வேனில் வந்த டெல்லிக் குடும்பத்திடம் முகேஷ் வாக்கியத்தைச் சும்மா சொல்லிப் பார்த்தேன். அது வேலை செய்துவிட்டது மச்சான். வேன் மொத்தமும் இறங்கி வந்து கைகொடுத்தது, தேதியைக் குறித்துக்கொண்டது, தங்க இடம் உண்டா என்றது. போகும்போது அந்தம்மா, தங்களுக்குப் பூண்டு சேர்க்காத சமையல் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பூண்டுக்காரன் வீட்டுக் கல்யாணத்தில் இதை நான் சமையல்காரரிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

பம்பாய் வியாபாரிகளோடு பேசிப் பழகியவர் நீங்கள். எந்த வரி போட்டால் மனிதர் மனம் நோகாமல் வருவார் என்று யோசித்து வெரசா எழுதி அனுப்பவும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
சுப்புராஜ்

பி.கு: மேலே உள்ளதை வடிவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, “பூண்டு திங்காத ஆளுகளக்கூட கூப்பிட்டாச்சு. தாய்மாமன், எங்கண்ணனுக்கு நீங்க இன்னும் வெத்தல பாக்கு வெக்கலீங்களே” என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதல் தாம்பூலம் உங்கள் வீட்டுக்கு வைக்காமல் ஊரெல்லாம் வாக்கியம் தேடி அலைந்திருக்கிறேன். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண் மணவறை ஏறுவாளா? ஆகவே இதே லாரியில் தட்டோடு நாங்களும் ஏறிவிட்டோம். இங்கிலீஷ் வரி இன்னும் முடிவாகாததால் கடிதமும் கூட வருகிறது. தயவுசெய்து தட்டை வாங்கிக்கொண்ட பிறகு இதைப் பிரித்துப் படிக்கவும்.