கன்னு பத்திரம்

மாமனார் வீட்டில் மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிப்பது. அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதவன் நான்.

கல்யாணமாகி வந்த முதல் பொங்கல். பண்ருட்டிப் பக்கம் மாமனாருக்கு முந்திரித் தோப்பு. கொட்டை விழத் தொடங்குமுன் அடியில் இருக்கும் புல்லை வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் விழுந்த கொட்டை கண்ணில் படாது. புல் வெட்டும் மெஷினை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். தோளில் மாட்டிக்கொண்டால் நுனியில் வட்டக் கத்தி சுழலும்.

“குடுங்க மாமா, நான் வெட்டுறேன்.”

“உங்களுக்கு எதுக்கு மாப்ள? உக்காருங்க.”

நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவனுக்கு மண்ணும் தெரியாது, மாடும் தெரியாது என்பது அவர் தீர்மானம். (சரியான தீர்மானம்தான்.) சுரங்கத்தில் வீட்டைவிடப் பெரிய மெஷினை ஓட்டுகிறவனுக்கு இந்தத் தம்மாத்துண்டு எந்த மூலைக்கு? அவர் வாயால் ஒரு சபாஷ் வாங்காமல் ஊர் திரும்புவதில்லை என்று பிடிவாதமாக நின்றேன்.

கடைசியில் கொடுத்துவிட்டார். “உள்ள கன்னு கீது மாப்ள, பாத்து வெட்டுங்க” என்று சொல்லிவிட்டு டீ வாங்கக் கிளம்பினார்.

கன்று எங்கே என்று தேடினேன். தோப்பின் கோடியில் பசுவோடு நின்றிருந்தது. அதைப் பிடிப்பதற்குள் இரண்டு உதை வாங்கினேன், பேன்ட் முழங்காலில் கிழிந்தது. ஒரு வழியாக வேலியோரப் பலா மரத்தில் கட்டினேன். பிறகு ஹெல்மெட், கண்ணாடி, சேஃப்டி ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு (சுரங்கத்துக்காரன் பாருங்கள்) வெட்ட ஆரம்பித்தேன். தொடை உயரப் புல் சரசரவென்று சாய்ந்தது. தூரத்தில் என் மனைவி கையை ஆட்டிக் கத்தினாள். மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பாராட்டுகிறாள் போலும் என்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.

மாமனார் தூக்குவாளியோடு வந்தபோது பாதித் தோப்பு மொட்டை. மெஷினை நிறுத்தி, பலா மரத்தைக் காட்டினேன்.

“கன்னு பத்திரமா இருக்கு மாமா!”

அவர் கன்றைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். குனிந்து புல்லுக்குள்ளிருந்து ஒரு சின்னச் செடியை எடுத்தார். ஓடி வந்த என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“ஏங்க, அப்பா சொன்னது மாட்டுக் கன்னு இல்லங்க! மரக் கன்னு!”

புயலில் சாய்ந்த மரங்களுக்குப் பதிலாக ஆடியில் வைத்த ஒட்டு முந்திரிக் கன்றுகள். மழை பிடிக்கும்வரை மாமனார் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியவை. எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

“ஒட்டுக் கட்டின இடத்துக்கு மேல வெட்டியிருந்தாலும் தழைஞ்சிருக்கும்” என்றார் மெதுவாக. திட்டியிருந்தால் தேவலை. வீட்டுக்குள் போய் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து, மரத்தடியில் போட்டு, துண்டால் துடைத்தார்.

“உக்காருங்க மாப்ள.”

இன்றும் நான் போனால், காபிக்கு முன்னால் நாற்காலி வந்துவிடும். அரிவாள்மனைகூட உள்ளறைக்குப் போய்விடுகிறது. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். “கண்ணு, இங்க வாடா” என்று என் நாலு வயது மகளைக் கூப்பிட்டால், தாத்தா சொல்லிக்கொடுத்தபடி, தூண் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்கிறாள்: “மாட்டுக் கன்னா, மரக் கன்னாப்பா?”