ஏழாவது இறால் பொட்டலம்

வாழ்க! அறுபது மாடிக் கட்டடங்களின் உச்சிக்கும் அடிக்கும் நடுவே அந்தரத்தில் சிக்கிய எண்ணற்ற உயிர்களை எண்ணெய்க் குப்பியும் திருப்புளியும் மட்டுமே கொண்டு மண்ணுக்கு மீட்டளித்த மாவீரர், ஒற்றை மகளைப் பெற்ற உத்தமர், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து தோற்றும் நான்காவதற்குச் சட்டை தேய்த்துப் புறப்பட்ட தீரர், லிஃப்ட்டுக்காரர் என்று தெருவே அழைக்கும் பெருமகனார் வாழ்க! அவர்தம் போரைப் பாடப் புகும் எம் நாவில், பசியே, நீ வந்து அமர்வாயாக!

போருக்கு மூலம் காதல். மருந்துக்கடையில் வேலைபார்க்கும் அவர் மகளும் அவளைக் கைப்பிடிக்கவிருந்த காளையும், “ரெண்டு வீடும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாத்தான் பழக்கம் வரும்” என்று ஆணை பிறப்பித்து, பன்னாட்டாரும் குடியேறித் தத்தம் அடுப்பை மூட்டியிருந்த அம்மாநகரின் நெடுந்தெருவிலே, ஞாயிறுதோறும் நண்பகலில் வேறுவேறு நாட்டார் உணவகத்துக்கு இரு குடும்பத்தையும் நடத்திச் சென்றனர். முதல் ஞாயிறு, முழங்கால் உயர மேசைமுன் தரையில் சம்மணமிட்ட லிஃப்ட்டுக்காரர், எழும் வேளையில் இரு காலும் மரத்துப்போய்ச் சம்பந்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார். இரண்டாம் ஞாயிறு, மேசை நடுவே கனன்ற அடுப்பில் இறைச்சியைத் தாமே சுட முனைந்து, இடப்புருவத்தில் பாதியை நெருப்புக்கு ஈந்தார். மூன்றாம் ஞாயிறு, அறுவர்க்கும் ஒரே தாம்பாளம் வைக்கும் நாட்டாரிடத்தே கூச்சத்தால் கை நீளாமல், ஓரத்து இலைகளையே மென்று வீடு மீண்டார்.

மூன்று களத்திலும் வாகை சூடியவர் சம்பந்தி. டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். இருபத்தெட்டு ஆண்டுகளாய் நடுங்கும் கைகளுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்பித்த திண்தோளர். எந்நாட்டு உணவையும் அந்நாட்டிலேயே பல் முளைத்தவர்போல் உண்பவர்.

நான்காம் ஞாயிறு, விதி வட்டமாய் வந்தது. அன்று புகுந்த உணவகத்தின் மேசை வட்டம். மேசையின் நடுவே, விரல் பட்டாலே வழுக்கிச் சுழலும் கண்ணாடிப் பெருந்தட்டு. அதன்மேல் மீனும் கீரையும் சூப்பும் சூழ்ந்திருக்க, மூங்கிற்கூடை ஒன்றில் ஆவி பறக்க வந்திறங்கின ஏழு இறால் பொட்டலங்கள்: மெல்லிய மாவாடை போர்த்தி, உள்ளே இளஞ்சிவப்பு நிழலாட, உச்சியில் கொசுவம் வைத்தாற்போல் மடிப்புக் கொண்டவை. அறுவரும் ஆளுக்கொன்று உண்டனர். உண்ட கணத்தில் லிஃப்ட்டுக்காரர், ஐம்பத்தேழு ஆண்டுகளாய்த் தாம் சாப்பாடு என்று நம்பியவை யாவும் வெறும் மெல்லுதலே எனத் தெளிந்தார்.

கூடையில் எஞ்சியது ஒன்று.

சம்பந்திகள் முன்னிலையில் கடைசித் துண்டுக்குக் கை நீட்டுதல் குலத்துக்கே இழுக்கு. தானாகத் தம்முன் வந்து நின்றாலோ எவரும் குறை சொல்லார். இதனை ஓர்ந்த மாவீரர், கைக்குட்டை மடிப்பவர்போல் நடித்துச் சுண்டுவிரலால் தட்டை உந்தினார். அன்னம்போல் அசைந்து வந்தது கூடை. ஒரு சாண் தொலைவில் திடுமென நின்று, வந்த வழியே திரும்பியது. நிமிர்ந்தார். எதிரே சம்பந்தியின் பெருவிரல் தட்டின் விளிம்பில் இருந்தது.

“இந்தக் கீரை நல்லா இருக்கு, கொஞ்சம் வச்சுக்கங்க சம்பந்தி!” என்று முழங்கினார் திண்தோளர்.

“நீங்க மீனைத் தொடவே இல்லையே சம்பந்தி!” என்று எதிர்முழக்கமிட்டார் லிஃப்ட்டுக்காரர்.

உபசாரமே படைக்கலமாயிற்று. கீரை சென்றது, மீன் வந்தது. மீன் சென்றது, சூப்பு வந்தது. வலமும் இடமும் மாறி மாறிச் சுழன்ற தட்டின்மேல் கூடை மட்டும் எவர்முன்னும் நில்லாது, வாடகை வீடு தேடுவார்போல் அலைந்தது. காவலை விட்டுக் கையெடுக்க அஞ்சிய இருவரும் ஒரு கவளமும் உண்டிலர். இதற்கிடையே தாயார் இருவரும் திருமண மண்டபத்தையும் தேதியையும் பேசி முடித்து, “உங்களுக்குச் சம்மதந்தானே?” என்று வினவ, தந்தையர் இருவரும் கூடையினின்றும் கண் பெயராமலே தலையாட்டினர். மங்கலம் நிச்சயமாயிற்று, எம்மாதம் என்று மட்டும் இருவரும் அறிகிலர்.

பின்னர் மூண்டது இறுதிப்போர். ஒருவர் இழுக்க மற்றவர் தடுக்க, தட்டு எப்பக்கமும் செல்லாது நடுநடுங்கிற்று. சூப்பில் அலை எழுந்தது. தேநீர்க் கெண்டியின் மூடி கடகடத்தது. “என்னங்க, கையை எடுங்க. எல்லாரும் பாக்கிறாங்க” என்று மனைவி தொடையைக் கிள்ள, அந்த வலியிலே வீரருக்கு ஞானம் பிறந்தது. பாரம் தாங்கும் கம்பியை ஒரு பக்கம் சட்டென்று விட்டால் மறுபக்கம் என்னாகும் என்பதை முப்பதாண்டுத் தொழிலில் அறிந்தவரல்லரோ! விரலை விட்டார்.

சுழன்றது தட்டு! மீன் பறந்தது, கீரை சிதறியது, சூப்பில் பாதி மாப்பிள்ளையின் மடியில் தஞ்சம் புகுந்தது. மூன்று முறை வலம் வந்து, தளர்ந்து, தள்ளாடி, கூடை போய் நின்ற இடம் சம்பந்தியம்மாளின் முன்பு. நான்கு ஞாயிறாகச் சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் உரையாத அவ்வம்மையார், கூடைக்குள் எட்டிப் பார்த்து, “இது யாருக்கும் வேண்டாமா?” என்றார்.

அந்தோ! மானம் என்னும் கொடும்பகை இருவர் நாவிலும் ஒருசேர ஏறிற்று. “எங்களுக்குப் போதும், நீங்க எடுத்துக்கங்க!” என்று இரு பெருவீரரும் ஒரே குரலில் முழங்கிய ஓசை அடங்கும் முன்பே, ஏழாவது பொட்டலம் மறைந்தது. பரிமாறும் அம்மாளை விளித்து, “இன்னொரு கூடை!” என்று பணித்தனர். “அது தீந்துபோச்சுங்க. இனி அடுத்த ஞாயித்துக்கிழமைதான்” என்றார் அவர்.

இரு பேரரசுகள் சரிந்தன. எதிரெதிரே அமர்ந்த இருவரும் ஒருவரையொருவர் முதன்முறையாக நேருக்கு நேர் நோக்கினர். அந்நோக்கில் பகை இல்லை, பழி இல்லை, வயிறு மட்டுமே இருந்தது. திண்தோளர் மெல்ல எழுந்தார். அவர் ஏன் எழுந்தார் என்பதை உரைக்காமலே உணர்ந்து, பாதிப் புருவத்தைப் பெருமிதத்தோடு உயர்த்தியவாறு எம் மாவீரரும் எழுந்தார்.

வண்டி எடுத்துவரப் போவதாகச் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் முக்குக் கடையில் நின்று ஆளுக்கொரு பன் சாப்பிட்டார்கள்.