டூயட் பெயரில் ஓர் ஒப்பாரி

கவிதை எழுதுகிறவனுக்குக் கூச்சம் அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு. பொய். ஒரு வாசகனுக்காக நான் திருட்டு வேலையே பார்த்திருக்கிறேன்.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டர். அங்கே ஒரு மென்பொருள் இருந்தது. எங்கோ முகம் தெரியாதவன் கணினியிலிருந்து பாட்டு நமக்கு வரும், நம்மிடம் இருப்பது அவனுக்குப் போகும். பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய வசன கவிதை ஒன்றை நானே தழுதழுத்துப் படித்துப் பதிவு செய்து அதில் போட்டேன். ஒருவரும் சீண்டவில்லை. (என் பெயரைத் தேட உலகத்துக்கு என்ன தலையெழுத்து?) ஆகவே அந்த வருடம் எல்லோர் வாயிலும் இருந்த ஒரு டூயட்டின் பெயரை அதற்குச் சூட்டினேன். மறுநாள் மதியம் திரையில் பச்சைக் கோடுகள் நாற்றுபோல் வளர்ந்தன. யார் யாரோ என்னை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஏரி நிரம்பி மதகு திறந்ததுபோல் இருந்தது எனக்கு.

அடுத்த மாதம் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால் வீட்டில் தும்மக்கூடப் பயந்தார்கள். திருப்புலிவனத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். தட்டு மாற்றும் நேரம். "அந்த டூயட்ட போடுப்பா" என்றார் அப்பா. மைக்செட்காரர் சிடியைச் சுழலவிட்டார். (அதே சென்டரில் எழுதி வாங்கிய சிடி.) இரண்டு குழாயிலும் என் குரல்:

"வாருங்கள், என் பிணத்தைத் தூக்குங்கள். நிலா ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறது."

மைக்செட்காரர் பதறிப் பொத்தானைத் தேடினார். நான் நிதானமாக அடுத்த வரிக்குப் போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டார். "நல்ல காரியத்துல இன்னா இது, எயவு வூடு மாரி? வாணாம், கெளம்புங்க."

"டேய், இது உன் கொரல்தான?" என்றாள் அக்கா. பதில் சொல்ல எனக்குக் குரல் இல்லை. எல்லாம் குழாயில் போய்க்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை தலை குனிந்து குலுங்கினார். அழுகிறார் என்றே நினைத்தோம். நிமிர்ந்தபோது சிரிப்பு.

"நீதானாப்பா அது? டூயட்டுன்னு நெனச்சி ரெண்டு நாளு குந்திக்கினு எறக்குனேன். இந்தப் பொணம்தான் வந்துச்சி."

"நீ இத்த முன்னாடியே கேட்டுக்கீறியா?" என்றார் அவர் அம்மா.

"கடேசி வரிக்கும் கேட்டேம்மா. உசுரோடதான கீறேன்? தட்ட எடு."

தட்டு மாறியது.

இதுவரை நாலு புத்தகம் வந்துவிட்டது எனக்கு. ஒவ்வொன்றையும் முதலில் மாமாவிடம்தான் நீட்டுவேன். அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். "பேரு நல்லாத்தான் கீது, மச்சான். உள்ள யாரு செத்துக்கினு கீறாங்க?"

அக்கா சமையலறையிலிருந்து பதில் சொல்வாள்: "படிக்கிறவங்கதான்."