கடலுக்குள் ஒரு மாடி வீடு

ஒரு வூடு விக்கணும்னா விக்கிறதுக்கு ஒரு ஆளு, வாங்குறதுக்கு ஒரு ஆளு இருந்தாப் போதும்னு நம்பிக்கிட்டிருந்த அப்பாவிங்கள்ல நானும் ஒருத்தன். இத்தனைக்கும் இருபத்தாறு வருஷமா ஆபீஸ் வாசல்ல உக்காந்து மனு எழுதுறவன். பேரு ராசாங்கம். காலையில மனு எழுதுவேன், சாயங்காலம் மனை காட்டுவேன். ஊரு அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவுல. ஊர்ப்பேரு வேணாம். சொன்னா அதுக்கும் விளக்கம் கேட்டு ஒரு கடுதாசி வரும்.

விலைக்கு வந்தது எங்க தெரு செல்லப்பன் அண்ணன் வூடு. அவரு தாத்தா முந்திரி யாவாரத்துல சம்பாதிச்சுக் கட்டின மாடி வூடு. கீழே மண்டியா இருந்த ஒத்தைக் கூடம். அடுப்படி, படுக்கை, குளியல் எல்லாம் மேல. நடுவுல பதினேழு படி, செங்குத்தா. அந்தக் காலத்துல மூட்டை தூக்குறவன் ஏறினான். இப்ப ஏறுறது அண்ணன் சம்சாரம் முத்தாயி அண்ணி. அவங்களுக்கு ரெண்டு முழங்காலும் தேஞ்சுபோச்சு. குரும்பலூர்ல தங்கச்சி வூட்டுக்குப் பக்கத்துலயே படியில்லாத வூடு ஒண்ணு பார்த்து வச்சிருக்காங்க. இதை வித்தாத்தான் அது.

"எப்படியாச்சும் வித்துக் குடு தம்பி. போறதுக்குள்ள சமதரையில நாலு நாளு நடந்துக்கிறேன்"னாங்க.

அன்னிக்கே விளம்பரம் எழுதினேன். 'எழில்மிகு அமைதியான வீதியில், தொண்ணூறு ஆண்டுப் பாரம்பரியம் வாய்ந்த மாடி இல்லம்.' எங்க தெருவுல நாள் பூரா சிமெண்ட் லாரி ஓடும். ஆனா ஒரு லாரி போயி அடுத்த லாரி வர்றவரைக்கும் அமைதிதானே. நான் பொய் எழுதல.

மெட்ராஸ்லேர்ந்து சண்முகப்பிரியான்னு ஒரு அம்மா போன் போட்டாங்க. பழைய வூட்டை வாங்கி, காரையை உரிச்சு, கல்லு வெளிய தெரியிற மாதிரி வச்சு தங்குறதுக்கு விடுறது அவங்க தொழில். எங்க ஊருல காரை உதிர்ந்தா வறுமை. அவங்க ஊருல அதுக்கு ஒரு ராத்திரிக்கு ஐயாயிரம் ரூவா.

"தொண்ணூறுதானா சார்? நூத்தம்பதுக்குக் கீழ என் கெஸ்ட் யாரும் தங்க மாட்டாங்க."

யோசிச்சேன். அண்ணன் வூட்டுப் படிக்கட்டுச் சுவத்துல, சுருண்டு படுத்த நத்தையாட்டம் ஒரு கல்லு இருக்கு. எங்க பக்கம் தோண்டின இடமெல்லாம் இது கிடைக்கும். இங்க கடல் இருந்தப்ப வாழ்ந்த உயிரு, பத்துக் கோடி வருஷம்னு காலேஜ் வாத்தியார் ஒருத்தர் வந்து பார்த்துட்டுச் சொல்லிட்டுப் போனாரு. விளம்பரத்துல 'தொண்ணூறு'ங்கிற ஒத்தை வார்த்தையை அடிச்சிட்டு 'பத்துக் கோடி'ன்னு போட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமையே அந்தம்மா கார்ல வந்துட்டாங்க. கல்லு மேல கன்னத்தை வச்சு நாப்பது போட்டோ எடுத்துக்கிட்டாங்க. நாங்க சொன்ன விலைக்கு மேல இன்னும் பாதியைச் சேர்த்தே தரேன்னாங்க. ஒரே நிபந்தனை. கட்டடத்தோட வயசுக்கு அரசாங்கச் சான்று வேணும், அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசல்ல மாட்டணும்.

இதைத் தெருவே நின்னு பார்த்துச்சு. மறுநாள் காலையில ஒவ்வொருத்தனும் சுவத்தைச் சுரண்டுறான். கல்லு கிடைக்காதவன் ஓடையிலேர்ந்து பொறுக்கியாந்து சிமெண்ட் வச்சுப் பதிச்சான். தெருவுல நாப்பத்திரெண்டு வூடு, நாப்பத்திரெண்டுக்கும் நான்தான் மனு எழுதினேன். 'எனது இல்லம், இப்பகுதி கடலாக இருந்த காலந்தொட்டு இவ்விடத்தில் நிலைபெற்றுள்ளது என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' அதுல ஒண்ணு என் வூடு.

கட்டட வயது நிர்ணயப் பிரிவு அலுவலர் அறிவரசன் நேர்மையான மனுசன். அதுதான் தொல்லை. காசு கேட்டா குடுத்துட்டு வந்துடலாம். இவரு விதியைக் கேப்பாரு. நானும் செல்லப்பன் அண்ணனும் போயி நின்னோம்.

"பாரத்துல வயசுக்கு மூணு கட்டம்தான் இருக்கு. பத்துக் கோடியை எங்க எழுதுறது?"

"ஓரத்துல எழுதிக்கலாமே சார்."

"கட்டத்துக்கு வெளிய எழுதினது செல்லாது. தனித்தாள்ல குடுங்க. சரி, கட்டுறப்ப அனுமதி வாங்கினீங்களா?"

"அப்ப மனுசனே கிடையாதுங்க சார்."

"மனுசன் இல்லாததை அனுமதி இல்லாததுக்குக் காரணமா ஏத்துக்க முடியாது" ன்னு சொல்லி அதையும் குறிச்சுக்கிட்டாரு. "கட்டுறதுக்கு முன்னாடி இடம் என்னவா இருந்துச்சு?"

என் வாயி சும்மா இருந்திருக்கலாம். "கடலுங்க சார்" னு சொல்லிட்டேன்.

பேனா நின்னுடுச்சு. "இதை எழுத்து மூலமாத் தருவீங்களா?"

"நாப்பத்திரெண்டு மனுவுலயும் எழுதியிருக்கேனே சார்" ன்னேன், பெருமையா.

அவரு ஒவ்வொண்ணாப் புரட்டிப் பார்த்தாரு. அப்புறம் கண்ணாடியைக் கழட்டி வச்சாரு. "கடல்னா நீர்நிலை. நீர்நிலைன்னா புறம்போக்கு. அதுல வூடு இருந்தா ஆக்கிரமிப்பு. ஆக்கிரமிப்பை எப்படிங்க விக்கிறது?"

அண்ணன் குறுக்க வந்தாரு. "சார், கடல் போயி எத்தனையோ கோடி வருஷம் ஆச்சுங்களே."

"போனதுக்கு ஆதாரம் இருக்கா? இருந்ததுக்குக் கல்லு இருக்கு."

"இந்த ஆபீஸ் தூண்லயும் அதே கல்லு இருக்குங்க சார்" ன்னேன் நான்.

அவரு திரும்பி அந்தத் தூணைப் பார்த்தாரு. "கடல்னா கரை ஒண்ணு வேணும்ல. அது இதுதான்."

பத்தே நாள்ல நாப்பத்திரெண்டு வூட்டுக் கதவுலயும் நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. 'கடற்பரப்பில் அனுமதியின்றிக் குடியிருந்துவரும் தாங்கள்' னு ஆரம்பம். பத்திரம் பதிய முடியாதுன்னதும் சண்முகப்பிரியா அம்மா வேற ஊருல பழைய வூடு பார்க்கப் போயிட்டாங்க. அதுக்கு அடுத்த வாரம் குழாயை அடைச்சாங்க. கேட்டதுக்கு, கடலுக்குக் குடிநீர் இணைப்பு தர விதியில இடமில்லைன்னு பதில் வந்துச்சு. ரோட்டு முனை பைப்புலேர்ந்து செல்லப்பன் அண்ணன் குடத்தைக் கொண்டாந்து கூடத்துல வைப்பாரு. அதுக்கு மேல ஏத்த அவருக்கு மூச்சு வாங்கும். அண்ணி சொம்பு சொம்பா மேல கொண்டுபோவாங்க. பதினேழு படி, ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு நான் கேட்டுக்கல.

நியாயமாப் பார்த்தா தெருவே கூடி எதிர்த்திருக்கணும். கூடவும் கூடினோம். 'இப்பகுதி கடல் அன்று' னு பொது மனு எழுதிக் கையெழுத்து வாங்கக் கிளம்பினேன். அந்த நேரம் பார்த்து டீக்கடையில எவனோ பேச்சை எடுத்தான். மீன்பிடித் தடைக்காலத்துல கடல்காரங்களுக்கு அரசாங்கம் நிவாரணம் குடுக்குதாமே, நாமளும் கடல்தானேன்னான்.

அறிவரசன் சார்கிட்ட கேட்டோம். விதியைப் புரட்டினாரு. "தடையேதும் இல்லை. தடைக்காலத்துல நீங்க யாரும் மீன் பிடிக்கலைன்னு உறுதிமொழி மட்டும் குடுங்க. ஆனா கடல் இல்லைன்னு கையெழுத்துப் போட்டவங்களுக்குக் கிடையாது."

மீன் பிடிக்கலைங்கிறது சத்தியமான வார்த்தை. யாரும் யோசிக்கல. அன்னிக்குச் சாயங்காலமே எனக்கு நாப்பத்தோரு மனு எழுத வேண்டியிருந்துச்சு.

நாப்பத்திரெண்டாவது வூட்டுக்கு மறுநாள் மத்தியானம் போனேன். அண்ணி கீழ கடைசிப் படியில உக்காந்து முழங்காலைத் தேய்ச்சுக்கிட்டிருந்தாங்க. மடியில, மொதக் கையெழுத்துக்குன்னு நான் அங்க விட்டுட்டுப் போன பொது மனு. அவங்க கையெழுத்து, அண்ணன் கையெழுத்து, அதுக்குக் கீழ பூரா வெள்ளைத் தாளு.

"எங்களுக்கு நிவாரணம் வேணாம் தம்பி. இது வூடுதான்னு எழுதிக் குடுத்தாப் போதும், வித்துட்டுப் போயிடுறோம். மூணு கையெழுத்து இருந்தாத்தான் பொது மனுவாம். நீ ஒண்ணு போட்டுடு."

என் சட்டைப் பையில என் மனு இருந்துச்சு. மீன் பிடிக்காத ராசாங்கம். வெக்கமாத்தான் இருந்துச்சு, அதை ஒளிக்க மாட்டேன்.

"பேனாவுல மை தீர்ந்துடுச்சு அண்ணி" ன்னேன்.

அவங்க என் முகத்தைக்கூடப் பார்க்கல. "அதுக்கென்ன, மேல பேனா இருக்கு. இரு, எடுத்தாரேன்."

சுவத்தைப் பிடிச்சு எழுந்தாங்க. மொத படி, ரெண்டாவது படி. ஏழாவதுல நத்தைக் கல்லு மேல கையை ஊணி நின்னு மூச்சு வாங்கினாங்க. ஏறி இறங்க எப்படியும் கால் மணி நேரம் ஆகும்.

ஆபீசுக்கு நடந்தா அஞ்சு நிமிஷம். அன்னிக்குத்தான் நிவாரண மனு வாங்குறதுக்குக் கடைசி நாள்.