கேதீச்சரத்துக்குப் போன புளிச்சாதம்

வாடகை வான் வாசலில் வந்து நின்று இரண்டாம் தரம் கோர்ன் அடித்தபோதுதான் அருந்ததி குசினித் தட்டை நிமிர்ந்து பார்த்தாள். சைவச் சட்டி அங்கே கவிழ்த்தபடியே கிடந்தது. நேற்றுக் கழுவி வைத்தது வைத்தபடி, ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அப்படியானால் விடியப்புறம் மின்சாரம் போன நேரம், தட்டித் தடவிப் புளிச்சாதத்துக்குப் புளி காய்ச்சியது எந்தச் சட்டியில்?

அடுப்படியில் குனிந்து பார்த்தாள். விளிம்பு உடைந்த சட்டி. மச்சச் சட்டி. போன கிழமை அக்கராயன் குளத்து விரால் கொதித்த அதே சட்டி.

அந்தப் பக்கத்து வீடுகளில் மரக்கறிக்கு ஒரு சட்டி, மீனுக்கு ஒரு சட்டி. ஒன்றின் வேலையை மற்றது செய்யக்கூடாது. கோயிலுக்குப் போகிற நாளில் மச்சச் சட்டியை நிமிர்த்தி வைக்கவே கூடாது. எவ்வளவுதான் தேய்த்துக் கழுவினாலும் மண்சட்டிக்கு ஞாபகம் போகாது. புளி பட்டவுடன் ஊறிக் கிடந்த மீனெல்லாம் எழும்பி வந்துவிடும்.

"இஞ்சாருங்கோ," என்று மெல்லக் கூப்பிட்டாள்.

சின்னராசா வேட்டியை உடுத்தபடி வந்தார். மனைவி காட்டிய சட்டியைப் பார்த்தார். பக்கத்தில் சாதம் நிரப்பி மூடி வைத்திருந்த சில்வர் வாளியைப் பார்த்தார்.

"ஆருக்கப்பா தெரியப்போகுது?"

"அவையள் பரம்பரைச் சைவம். மணத்திலையே பிடிச்சிடுவினம்."

அவையள் என்றது வானுக்குள் இருந்தவர்களை. பளையிலிருந்து வந்திருந்த சுமித்திராவும் அவருடைய ஒரே மகன் ஜனார்த்தனனும். அருந்ததியின் மகள் சிவதர்சினிக்குப் பேசிவந்த சம்பந்தம். இரண்டு வீட்டாரும் ஒன்றாகத் திருக்கேதீச்சரம் போவது, பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கே ஒருவரையொருவர் பார்ப்பது, கும்பிட்ட கையோடு சுமித்திரா முடிவு சொல்வது என்று ஏற்பாடு.

சிவதர்சினிக்கு முப்பத்தொரு வயது. வந்த சாதகமெல்லாம் ஏதாவதொரு கிரகத்தில் இடறித் திரும்பிப் போயிருந்தது. இது பொருந்தியது. அதைவிடப் பெரிய விசயம், வழமையாக "உங்கட விருப்பம்" என்று முகத்தைத் திருப்புகிற பிள்ளை, ஜனார்த்தனனின் படத்தைப் பார்த்துவிட்டு "ஓம்" என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு ஓமுக்காக அருந்ததி எதையும் செய்வாள். ஒரு பொய்யை ஏற்கெனவே சொல்லியுமிருந்தாள்.

"மாப்பிள்ளை வீட்டார் சுத்த சைவமாம், முட்டைகூடத் தொடாயினமாம்," என்று தரகர் முற்றத்தில் நின்று சொன்ன அன்று, "நாங்கள் மட்டும் என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டே அருந்ததி பின்கையால் குசினிக் கதவைச் சாத்தினாள். உள்ளே மீன் பொரிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு தாய்மாரும் தொலைபேசியில் மரக்கறியைத் தவிர வேறொன்றும் கதைத்ததில்லை. சுமித்திரா வாழைப்பூவில் தொடங்கினால் அருந்ததி பலாக்கொட்டையில் முடிப்பாள்.

"சாதத்தை நாய் தட்டி ஊத்திப்போட்டுதெண்டு சொல்லுவம்," என்றாள் அருந்ததி இப்போது. "அங்கை மடத்திலை சாப்பிடலாம்."

"எங்களிட்டை நாய் இல்லையே."

"அயல் வீட்டு நாய். நீங்கள் வாயைத் திறவாதேங்கோ."

வாளியைக் குசினியிலேயே விட்டுவிட்டு, முகத்தில் தேவையான அளவு கவலையை வரவழைத்துக்கொண்டு வானடிக்குப் போனாள். சிவதர்சினி ஏற்கெனவே ஏறிப் பின்சீற்றில் இருந்தாள். சாரதி ஞானப்பிரகாசம் பின்கதவைத் திறந்துவைத்துப் பொதிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அருந்ததி வாயைத் திறக்க, சுமித்திரா முந்திக்கொண்டார்.

"அருந்ததி, ஒரு கதை தெரியுமே? நானும் சாதம் கட்டி வைச்சனான். எங்கட நாய் அப்பிடியே தட்டி ஊத்திப்போட்டுது."

அருந்ததியின் நாய் தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஒரே காலையில் இரண்டு நாய்கள், இரண்டு புளிச்சாதம். யார் நம்புவார்கள்?

"நல்ல காலம் நீங்களும் செய்யிறன் எண்டனீங்கள்," என்றார் சுமித்திரா. "இல்லாட்டி எல்லாரும் பட்டினி."

"ஓம் அக்கா. வாளியை எடுக்க மறந்திட்டன்," என்றாள் அருந்ததி. திரும்பிப் போய் எடுத்துவந்தாள். ஞானப்பிரகாசம் துணியால் மூடியிருந்த ஒரு பாத்திரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு வாளிக்கு இடம் செய்தார்.

மன்னார் வீதியில் வான் ஓடிய ஓட்டத்தில் எல்லோரும் தேவாரம் பாடினார்கள். அருந்ததியும் பாடினாள். ஆனால் காது பின்னாலிருந்த வாளியிலேயே இருந்தது, ஏதோ உள்ளே மீன் துள்ளுகிறதைப்போல.

கேதீச்சரத்தில் இறங்கியதும், "நீங்கள் ஆறுதலாக் கும்பிட்டிட்டு வாங்கோ, நான் வானைப் பாத்துக்கொள்ளுறன்," என்றார் ஞானப்பிரகாசம். அவர் முள்ளிவாய்க்கால் பக்கத்துக் கத்தோலிக்கர். இப்போது பளையில் வாடகை வான் ஓடுகிறார்.

பாலாவித் தீர்த்தக்குளத்தில் குளித்தார்கள். அங்கே தீர்த்தத்தைத் தாங்களே அள்ளிவந்து மகாலிங்கத்துக்குத் தங்கள் கையாலேயே ஊற்றலாம். ஐயருக்குக் கொடுத்து ஊற்றுவிப்பது என்றால் அருந்ததி எப்படியாவது ஒளிந்திருப்பாள். இது நேருக்கு நேர்.

'அப்பனே, பிள்ளைக்காகத்தான் பொய் சொன்னனான். உம்மட கோயிலுக்கு வந்த ஆக்களுக்கு மச்சச் சட்டிச் சோறு போட விடாதையும். எப்பிடியாவது அந்த வாளியை இல்லாமல் பண்ணும்,' என்று மனதுக்குள் சொல்லி ஊற்றினாள்.

பக்கத்தில் சுமித்திராவும் வாய்க்குள் ஏதோ நெடுநேரம் சொல்லிக்கொண்டு நின்றார். என்ன பக்தி என்று அருந்ததிக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

வெளியே வந்ததும் கடவுள் வழி காட்டினார். மரநிழலில் ஒரு கழுதை நின்றது. மற்றவர்கள் உடுப்பு மாற்றப் போன நேரம் பார்த்து அருந்ததி வாளியோடு ஓடினாள். மூடியைத் திறந்து, ஒரு பிடி சாதத்தை இலையில் வைத்து நீட்டினாள். அது வாளிக்குள் வாய் வைத்துவிட்டால் போதும், தொல்லை தீர்ந்தது.

கழுதை முகர்ந்தது. அருந்ததியை ஒரு பார்வை பார்த்தது. திரும்பி நடந்துவிட்டது.

"அன்ரி, என்ன செய்யிறியள்?" பின்னால் ஜனார்த்தனன் நின்றான்.

"சும்மா தம்பி. வாயில்லாச் சீவன். பசியோடை நிண்டது."

அவனுடைய முகம் இளகியது. வாளியைத் தானே வாங்கித் தூக்கிக்கொண்டு போனவன், தாயிடம் போய்ச் சொன்னான்: "அம்மா, அன்ரி வாயில்லாச் சீவனுக்கு முதல் குடுத்திட்டுத்தான் ஆக்களுக்குப் போடுவாவாம்." சுமித்திரா உருகிப்போய் அருந்ததியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அருந்ததி கண்ணால் கணவனைக் கூப்பிட்டாள். "மடத்திலை சாப்பாடு இருக்கோ எண்டு கெதியாப் போய்க் கேளுங்கோ. இருந்தால் எல்லாருக்கும் சொல்லிப்போட்டு வாங்கோ."

சின்னராசா ஓட்டமும் நடையுமாகப் போனார். திரும்பி வரும்போது கை நிறைய இருந்தது. அருந்ததிக்கு உயிர் வந்தது. கிட்ட வந்தபோது பார்த்தாள், எல்லாம் வாழையிலை.

"இண்டைக்குச் சமையல் இல்லையாம். சாப்பாடு கொண்டு வந்திருந்தால் இதிலை போட்டுச் சாப்பிடட்டாம். நல்ல மனுசர்."

அவளுக்கு அழுகை வந்தது.

இனிச் செய்ய ஒன்றுமில்லை. காலையிலிருந்து ஒருவரும் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சின்னராசாவுக்குச் சீனி வருத்தம். கை நடுங்கத் தொடங்கியிருந்தது. அருந்ததி நிழலில் இலைகளை விரித்துச் சாதத்தைப் போட்டாள். போடும்போதே மனசு குழம்பியது. பரம்பரைச் சைவர், சிவன் கோயில் வீதியிலே வைத்து.

"ஞானப்பிரகாசம், நீங்களும் இருங்கோவன்."

"எனக்கு வேண்டாம் அக்கா. வயிறு நிறைஞ்சு கிடக்கு."

வேதக்காரராக இருந்தும், வயிறு நிறைஞ்சதெண்டு சாட்டுச் சொல்லிச் சிவனுக்கு விரதம் பிடிக்கிறாரே என்று அருந்ததி நினைத்துக்கொண்டாள். வானில் வந்தவர்களில் கடவுள் பயம் இல்லாதவள் தான் ஒருத்திதான்.

சுமித்திரா முதல் வாய் எடுத்து வைத்தார். மென்றார். நிறுத்தினார். கண்ணை மூடினார்.

முடிந்தது. அருந்ததி மகளைப் பார்த்தாள். சிவதர்சினி தலையைக் குனிந்தபடி, ஆனால் ஓரக்கண்ணால், ஜனார்த்தனன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுமித்திரா கண்ணைத் திறந்தார். "இன்னும் கொஞ்சம் போடுங்கோ."

"அக்கா?"

"எங்கட வீட்டுச் சமையல் மாதிரியே இருக்குது. என்ன கைப்பக்குவம்." மூன்றாம் முறையும் போடுவித்தார். கையை நக்காத குறை. பிறகு தண்ணீர் குடித்துவிட்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "நான் வேறை யோசிக்க இல்லை. இந்தச் சம்பந்தம்தான். கேதீச்சரத்தான் சாட்சி."

ஜனார்த்தனன் சிரித்தான். சிவதர்சினி சிரிப்பை மறைக்க இலையை மடித்தாள். சின்னராசா இன்னொரு பிடி சாதம் போட்டுக்கொண்டார். சந்தோசப்படாத ஒரே ஆள் அருந்ததி.

மகளின் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஆனால் எதன்மேல்? மச்சச் சட்டியின்மேல். நாளைக்கு இந்தப் பிள்ளை அந்த வீட்டுக்குப் போய் ஆயுள் முழுக்க வாழைப்பூ தின்று பொய்யைக் காவவேண்டும். போதாததற்குச் சிவனை வேறு சாட்சிக்குக் கூப்பிட்டாயிற்று.

திரும்பும் வழியில், இலுப்பைக்கடவை தாண்டியதும், அவளால் தாங்க முடியவில்லை.

"சுமித்திராக்கா, ஒரு விசயம் சொல்லவேணும்."

சின்னராசா மனைவியின் முழங்கையை அழுத்தினார். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"நான் தெரியாமச் செய்தது ஒண்டு, தெரிஞ்சு செய்தது ஒண்டு. இண்டைக்குப் புளி காய்ச்சினது மச்சச் சட்டியிலை. இருட்டிலை சட்டி மாறிப்போச்சு. அது தெரியாமச் செய்தது. தெரிஞ்சு செய்தது, உங்களுக்குச் சைவம் எண்டு சொன்னது. எங்கட வீட்டிலை கிழமையிலை அஞ்சு நாள் மீன்தான். பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை, பொய் என்ர. என்னை என்னவெண்டாலும் பேசுங்கோ. அவளை வேண்டாமெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்ததும் நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. இறங்கிய கல் இப்போது வானுக்குள் எல்லோர் மடியிலும் இருந்தது. சிவதர்சினி பின்னாலிருந்து தாயின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஜனார்த்தனன் யன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்த்தான். சுமித்திரா முகம் சிவந்து, உதடு இறுகி, மடியில் இருந்த திருநீற்றுப் பொட்டலத்தை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

வான் ஒரு பாலத்தைக் கடந்தது. இன்னொரு பாலத்தையும் கடந்தது.

ஞானப்பிரகாசத்துக்குத்தான் அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. கண்ணாடியில் அருந்ததியைப் பார்த்து, ஆறுதலாகச் சொன்னார்:

"இதுக்கேன் அக்கா அழுறியள், மச்சச் சட்டியிலை காய்ச்சிப்போட்டன் எண்டு காலமை சுமித்திராக்கா எறியச் சொல்லித் தந்த புளிச்சாதம் முழுக்க நான்தான் கோயிலடியிலை இருந்து சாப்பிட்டனான், எனக்கு ஒண்டும் செய்யேல்லையே."